கழுகு திருத்திய திரை

அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தது போட்டோ ஸ்டூடியோ முதலாளி. மூக்கைப் பார்த்து வைத்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மூக்கு சப்பை. கண்ணைப் பார்த்து வைத்தது. ஆயிரம் படங்களை வரிசையாக ஓடவிட்டால், நடுவில் ஒரே ஒரு படத்தில் மாப்பிள்ளையின் காது மட்டும் லேசாகச் சிவந்திருப்பதைப் பிடித்து "நிறுத்து" என்பாள். பத்தொன்பது வருஷமாக அந்த ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்து, யார் யார் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாமோ நிறம் சரி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கே கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், இத்தனை மாப்பிள்ளைகளை இவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகு யாருக்கு ஆசை வரும் என்பாள்.

வேலையில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் தோல், மற்றதெல்லாம் பிறகு. படத்தைத் திறந்ததும் முகத்தை மட்டும் பெரிதாக்கி, அதிலிருக்கும் மஞ்சளைப் பிடித்து இறக்குவாள். முகம் சரியாகிவிட்டால் துணியும் சுவரும் பூவும் எப்படியாவது போகட்டும். சுவர் மஞ்சளாக இருக்கிறதென்று யாரும் ஆல்பத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததில்லை. முகம் மஞ்சள் என்றால் மாமன் மச்சான் வரை குடும்பத்தோடு வந்து நின்றுவிடுவார்கள். அதனால் தோலில் மஞ்சளைக் கண்டாலே, யோசிப்பதற்கு முன்னால் அவள் கை நகர்ந்துவிடும். பின்னால் வந்த வினையெல்லாம் அந்தக் கையிலிருந்து வந்ததுதான்.

வீட்டில் அவளும் அம்மாவும். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வாரம்; பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் பத்துப் பேரைத் திட்டிவிடுவாள். தங்கை ஆறு மணி நேர பஸ் பயணத் தூரத்தில், வேறு ஊரில். கழுகைவிடப் பதினோரு வயது சின்னவள். பெற்றது அம்மா என்றாலும், குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் கழுகுதான். எட்டு வருஷம் எதிர்பார்த்துக் கடைசியில் அந்தத் தங்கைக்கு இப்போது பிரசவம். அம்மா நடக்க ஆரம்பித்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாதம் தங்கை வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கழுகு சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தாள். அதற்காகவே ஒரு புது லேப்டாப் வாங்கினாள்.

பெட்டியைப் பிரித்து அரை மணி நேரம் ஆகவில்லை, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. திரை முழுவதும் வெறும் சாம்பல் நிறத்தை விரித்துப் பார்த்தாள். மேலே சாம்பல். வலது பக்கம் கீழ்மூலையில் பழைய செய்தித்தாள் மாதிரி ஒரு மங்கல் மஞ்சள். அம்மாவிடம் காட்டினாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றாள் அம்மா. மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். சர்வீஸ்காரர் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, நாள் போகப் போகச் செட் ஆகிவிடும் என்றார்.

"நாள் போகப் போகச் செட் ஆக இதென்ன புதுச் செருப்பா?" என்றாள் கழுகு.

மூன்று நாள் நடந்தாள். மூன்றாம் நாள் ஸ்டூடியோவிலிருந்த சென்சாரை எடுத்துக்கொண்டு போனாள். திரையின் மேல் தொங்கவிடுகிற சின்னக் கருவி அது. திரை காட்டும் நிறங்களை ஒவ்வொன்றாக அளந்து, எங்கே எவ்வளவு பிசகு என்று சொல்லும். அவருடைய மேஜையிலேயே வைத்து, நாலு வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, மூலையை அளந்து காட்டினாள். கருவி சொன்ன எண்ணைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். வேறு லேப்டாப் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தெருமுனை வரை தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அன்று தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையிலிருந்து வருகிற எந்தத் திரையும் பொய் சொல்லும் என்ற எண்ணம் அன்றோடு அவள் தலையில் ஆணியடித்தது போல இறங்கிவிட்டது.

மாற்று லேப்டாப் வந்ததற்கு இரண்டு நாள் முன்னால் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இங்கே கழுகு பெட்டியைப் பிரித்தாள், சாம்பலை விரித்தாள், சென்சாரைத் தொங்கவிட்டு அளந்தாள். ஒரு மூலையில்கூடக் குறை இல்லை. கருவி நல்ல திரை என்றது. சரியாக அந்த நேரத்தில் தங்கை கணவன் அனுப்பிய படம் வந்தது. வெள்ளைத் துவாலையில் சுற்றிய குழந்தை, மூக்கு அப்படியே அம்மா மூக்கு. போன் திரையில் நிறம் பார்ப்பதே பாவம் என்று நினைக்கிறவள் ஆனதால், படத்தை லேப்டாப்புக்கு மாற்றிப் பெரிதாக்கினாள். குழந்தையின் நெற்றியும் கன்னமும் மஞ்சளாகத் தெரிந்தன.

"மறுபடியும் ஏமாத்திட்டான்" என்று கத்தினாள். குழந்தையைப் பற்றி ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை. கடைக்காரரைப் பற்றித்தான் தோன்றியது.

போனில் சர்வீஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். கருவி வைத்துப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன், சரியென்று காட்டுகிறது, ஆனால் சரியில்லை என்றாள். போன வாரம் அதே கருவி சொன்னது வேதவாக்கு என்றீர்களே, இந்த வாரம் அதுவே பொய் சொல்கிறதா என்று அவர் கேட்டதும் போனை வைத்துவிட்டாள். அந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து நிதானமாகப் பதில் தேடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மஞ்சள் தெரிகிறது. அளந்து பார்த்தால் மஞ்சள் திரையில் இல்லை. அப்படியானால் எங்கே இருக்கிறது? இவ்வளவுதான் கேள்வி. பத்து வயதுப் பிள்ளை பதில் சொல்லிவிடும்.

ஆனால் அவள் கழுகு. கருவி தூசி பட்டுக் கெட்டிருக்கும் என்று முடிவு செய்தாள். திரையைக் கையாலேயே திருத்த உட்கார்ந்தாள். எதை வைத்துத் திருத்துவது? தங்கை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவள் பதினோரு வயதுக் கழுகுதான். அந்த ரோஜாச் சிவப்பு அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. தங்கையின் பிள்ளை வேறு எந்த நிறத்தில் பிறந்திருக்கும்? திரையின் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனாள். குழந்தையின் கன்னம் அவள் நினைவிலிருந்த சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி, அந்த அமைப்பைச் சேமித்தாள். சுற்றியிருந்த துவாலையை அவள் பார்க்கவில்லை. அது அந்த நேரத்தில் வெளிர் நீலமாக மாறியிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். குரல் சோர்ந்திருந்தது. பிள்ளை எப்போது பார்த்தாலும் தூங்குகிறான் என்றாள். பிறந்த பிள்ளை தூங்காமல் கணக்கா எழுதும் என்று அம்மா பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள். பிறகு தங்கை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, நீ படம் பார்த்தியே. பிள்ளை மஞ்சளா இருக்கிற மாதிரி உனக்குத் தெரியலையா?"

"உங்க வீட்டு பல்பு மஞ்சள், சுவர் மஞ்சள், அவர் போன் அதுக்கு மேல மஞ்சள். நான் இங்க சரியான திரையில பார்த்தேன். ரோஜாப் பூ மாதிரி இருக்கான். தேவையில்லாம மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

தங்கை சரி என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான். பரீட்சை, சட்டை, மாப்பிள்ளை எதுவானாலும் அக்கா சரியென்றால் சரி. நிறம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாடே பச்சை என்றாலும் அக்கா நீலம் என்றால் அவளுக்கு நீலம்தான்.

அடுத்த இரண்டு நாளும் கழுகு வீட்டிலிருந்தே ஒரு பெரிய கல்யாண ஆல்பத்தை முடித்துப் பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பினாள். தங்கை கணவன் காலையும் மாலையும் படம் அனுப்பினான். விந்தை என்னவென்றால், திருத்திய திரையிலும் குழந்தை மறுநாளே மறுபடி மஞ்சளாகத் தெரிந்தான். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அவளுக்கு உள்ளே எங்கோ ஒரு முள் குத்தியது. குத்தியதைப் பொருட்படுத்தாமல், இந்த முறை படத்தையே திருத்தினாள். அம்மா தன் போனில் பார்த்துவிட்டு, கண்ணின் வெள்ளைகூட என்னவோ மாதிரி இருக்கிறதே என்றாள். சாம்பலும் மஞ்சளும் ஒன்றாகத் தெரிகிற உன் கண்ணை வைத்துக்கொண்டு நீ பேசாதே என்று கழுகு அவளையும் அடக்கிவிட்டாள்.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் தங்கைக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை பால் குடிக்க எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், பாதத்தைச் சுரண்டினால்தான் ஒரு வாய் குடிக்கிறான் என்று கணவனைப் பிடுங்கி எடுத்து, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வைத்தாள். எடுத்தது ஒரு நர்ஸ். வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அவர்கள் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். நேரே நர்ஸுக்கு அனுப்பியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் தங்கை அதை முதலில் அக்காவுக்கு அனுப்பினாள், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டு. ஒரு படத்தை அக்கா பார்க்காமல் வெளியே அனுப்புகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து வேலை விண்ணப்பம் வரை எல்லாப் படமும் அவள் கைபட்டுத்தான் போகும்.

கழுகு ஐந்தே நிமிஷத்தில் திருத்தி அனுப்பினாள். "இதுதான் சரியான நிறம். இதை அனுப்பு" என்று கீழே எழுதியும் விட்டாள்.

திருத்திய படத்திலும் மஞ்சள் முழுவதுமாகப் போகவில்லை, கொஞ்சம்போல இருந்தது. பிறந்த குழந்தைகளுக்கு இவ்வளவு சாதாரணம், எட்டாம் நாள் பரிசோதனைக்குக் கொண்டுவந்தால் போதும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அவள் பார்த்த படத்துக்கு அவள் சொன்னது சரிதான். அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தான்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு லேப்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இருபது வருஷம் பிரிண்ட் போடுகிறவர். அதிகம் பேச மாட்டார். முதல் நாளே போன் செய்து, அனுப்பின ஆல்பம் என்னவோ மாதிரி வருகிறது என்று சொல்லியிருந்தார். உங்கள் இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது, அதைப் போய்ப் பாருங்கள் என்று கழுகு வெடுக்கென்று சொல்லிவிட்டாள். இப்போது அவர் பத்துப் பிரிண்ட்டைக் கையோடு கொண்டுவந்து ஜன்னலோரம் தரையில் பரப்பினார். மணப்பெண், மணப்பெண்ணின் அம்மா, வாசலில் நின்ற கூட்டம், பந்தியில் விரித்த மேஜைத் துணி, எல்லாம் மஞ்சள் பூசியது போல இருந்தன.

"துணி வெள்ளையா இல்லையே, கவனிச்சியா? நீ முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்க. என் மிஷின்ல நேத்து வேற ஆளோட ஆல்பமும் ஓடுச்சு. அது நல்லாத்தான் வந்திருக்கு. சென்சாரைக் கொண்டா, உன் திரையை அளப்போம்."

கழுகுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கருவி கெட்டுவிட்டது என்றாள். கெட்டதா இல்லையா என்று பார்க்கத் தன்னுடையதையும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவர் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. திரையின் நிறம் நீலத்துக்கு எங்கேயோ போயிருந்தது. நீலமாகக் காட்டும் திரையில் உட்கார்ந்து திருத்தினால் கை தானாக மஞ்சளைக் கூட்டும். அதுதான் பிரிண்ட்டில் வந்திருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே, அவள் சேமித்து வைத்திருந்த அமைப்பை எடுத்துவிட்டு, லேப்டாப் வந்த அன்று சென்சார் அளந்து கொடுத்த பழைய அமைப்பைப் போட்டார்.

சென்சாரைத் தொங்கவிட்ட இடத்துக்குப் பின்னால், மூடாமல் விட்டிருந்த ஒரு படம் இருந்தது. முந்தின நாள் தங்கை அனுப்பிய படம், திருத்தாதது.

துவாலை பளிச்சென்று வெள்ளையாயிற்று. துவாலையைப் பிடித்திருந்த தங்கையின் கை, முப்பது வருஷமாக அவள் பார்த்துப் பழகிய அதே நிறத்துக்கு வந்தது. ஜன்னல் கம்பி, சுவர், தலையணை எல்லாம் அதனதன் நிறத்தில் சரியாக உட்கார்ந்தன. அவற்றுக்கு நடுவே குழந்தை மட்டும் மஞ்சளாகக் கிடந்தான். நெற்றி, மார்பு, வயிறு, துவாலைக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்கள் வரை மஞ்சள். சந்தேகப்படுவதற்கு எதுவும் இல்லை.

கழுகு போனை எடுத்தாள். தங்கையின் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். லேப்காரர்தான் அழுத்திக் கொடுத்தார். தங்கை மெதுவான குரலில் பேசினாள், குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று. "காலையிலேருந்து எழுந்திருக்கவே இல்லக்கா. அழறதும் இல்ல. அவ்வளவு சமத்து."

உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு, யாருக்கும் படம் அனுப்பாதே, பிள்ளையை நேரில் காட்டு என்று கழுகு அலறினாள். ஏன் என்று தங்கை கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் ஓடு ஓடு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கட்டிய துணியோடு பஸ் ஏறினாள். ஆறு மணி நேரமும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நீல விளக்கின் கீழே குழந்தை கிடந்தான். கண்ணைத் துணியால் கட்டியிருந்தார்கள். மஞ்சள் காமாலை மூளை வரை போய்விடுமோ என்று பயந்து ரத்தத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். நேற்றே கொண்டுவந்திருந்தால் இந்த விளக்கோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பிள்ளை பிழைத்தான். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்ததில் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு காதிலும் கருவி வைத்துத்தான் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதெல்லாம் பிறகு. சொல்ல வந்தது அன்று சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்தது.

தங்கை கணவன் அந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். படத்தைக் காட்டினேனே, பார்த்துவிட்டுத்தானே சாதாரணம் என்றாய், உன்னைச் சும்மா விட மாட்டேன் என்று அவன் கத்தக் கத்த, இருபத்தைந்து வயதுகூட இருக்காத அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு, படத்தில் இவ்வளவு மஞ்சள் இல்லை சார் என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். புகார் எழுதக் காகிதம் கொண்டுவந்துவிட்டார்கள். அவள் வேலை அன்றோடு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கழுகு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. அதற்கும் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள் என்பதை மறைப்பானேன்.

"அந்தப் பொண்ணை விடுங்க. அவ பார்த்தது நான் திருத்தின படம். மஞ்சளை நான்தான் எடுத்தேன்."

அவன் கையிலிருந்த காகிதம் அப்படியே நின்றது. நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எதற்காக எடுத்தீர்கள் என்று அவன் கேட்டதற்கு, லேப்டாப் திரை சரியில்லை என்று நினைத்தேன் என்று கழுகு சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை இருந்த அறை வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கத்தவில்லை, அழவும் இல்லை.

"திருத்தறதுக்கு முன்னாடி உன் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிஞ்சான்?"

"மஞ்சளா."

"எந்தப் படத்திலேருந்து?"

"முதல் படத்திலேருந்தே."



"எனக்கும் அப்படித்தான்க்கா தெரிஞ்சான். நீ இல்லன்னு சொன்னதால என் கண்ணுதான் தப்புன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு, டாக்டர் கூப்பிடுகிறார் என்று உள்ளே போனாள்.